பதிவேடும் பூட்டும்: குடிமைவெளி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிமைவெளி என்ற சொல்லால் எதைக் குறிக்கிறோம்?

அரசாங்கமும் வணிகமும் குடும்பமும் போக மீதமிருக்கும் பொது வாழ்வில், மக்கள் தாமாகக் கூடிச் சங்கம் அமைக்கவும், கருத்துச் சொல்லவும், ஊர்வலம் போகவும், அதிகாரியிடம் கணக்குக் கேட்கவும் கிடைக்கிற இடத்தைக் குடிமைவெளி என்கிறோம். அந்த இடத்தில் இயங்கும் அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் குடிமைச் சமூகம் என்பது வழக்கம். மனித உரிமை அமைப்புகள் மட்டுமே இதில் அடங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். மீனவர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு, நுகர்வோர் மன்றம், வாசகர் வட்டம், மாற்றுத்திறனாளிகள் சங்கம், ஏரியைத் தூர்வாரக் கூடும் இளைஞர்கள் ஆகியோரும் இதற்குள்தான் வருகிறார்கள். தூர்வாரும் வரை பாராட்டுப் பெறும் அதே இளைஞர்கள், ஏரியை ஆக்கிரமித்தவர் யார் என்று கேட்கத் தொடங்கும் நாளில்தான் இந்த வெளி எவ்வளவு அகலமானது என்பது தெரியவரும்.

இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 20ஆவது பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஏற்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 21, 22ஆம் பிரிவுகள் அவற்றை அரசுகளைக் கட்டுப்படுத்தும் சட்டக் கடமையாக்குகின்றன. இந்தியா 1979இலும் இலங்கை 1980இலும் அந்த உடன்படிக்கையில் இணைந்தன. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவும் இவ்விரண்டு உரிமைகளைத் தனித்தனியே சொல்கிறது.

இவை வரம்பற்ற உரிமைகள் அல்ல. ஆனால் உடன்படிக்கையின்படி ஓர் அரசு இவற்றைக் கட்டுப்படுத்த விரும்பினால், கட்டுப்பாடு சட்டத்தின் வழியே வர வேண்டும். பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பிறர் உரிமை போன்று அங்கே எண்ணிச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றுக்காக இருக்க வேண்டும். ஜனநாயகச் சமூகத்தில் உண்மையாகவே தேவைப்படுவதாகவும் இருக்க வேண்டும். மூன்றாவதான இந்தத் தேவைச் சோதனையில்தான் பெரும்பாலான அரசுகள் தடுமாறுகின்றன. 1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைக் காவலர்கள் பற்றிய பிரகடனத்தின் 13ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், அமைதியான வழியில் உரிமைகளைக் காக்கும் பணிக்காக நிதி கேட்கவும் பெறவும் செலவிடவும் உரிமை உண்டு என்கிறது. பிரகடனம் என்பதால் அதற்கு உடன்படிக்கையின் கட்டாயம் இல்லை என்றாலும், நிதியைப் பற்றிய எல்லா வாதங்களும் அந்தப் பிரிவையே சுற்றி வருகின்றன.

தடியடியும் துப்பாக்கிச்சூடும் அல்லவா பெரிய ஆபத்து? படிவங்களைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு?

தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்ததை அறிந்த தமிழ் வாசகர்களிடம் துப்பாக்கியைச் சிறிய ஆபத்து என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் துப்பாக்கிச்சூடு நடந்தால் உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ஊர் கொதிக்கிறது, விசாரணை ஆணையம் அமைகிறது, அறிக்கை சட்டமன்றத்துக்கு வருகிறது. நீதி கிடைக்கிறதோ இல்லையோ, நடந்ததை மறைக்க இயலாது. ஓர் அமைப்பின் பதிவு புதுப்பிக்கப்படாமல் ஆறு மாதம் கிடப்பில் கிடப்பதற்கோ, வங்கிக் கணக்கு முடக்கப்படுவதற்கோ அப்படியொரு பரபரப்பு எழுவதில்லை. அலுவலகத்தின் வாடகை நிற்கிறது, கணக்காளர் வேறு வேலைக்குப் போகிறார், வழக்கறிஞர் விலகுகிறார், ஒரு நாள் பெயர்ப்பலகை இறங்குகிறது. கடந்த கால் நூற்றாண்டில் குடிமைவெளி மிக அதிகமாகச் சுருங்கியது இந்தச் சத்தமில்லாத வழியில்தான் என்பது எங்கள் கணிப்பு. அதனால்தான் இந்தப் பக்கத்தில் நிதிச் சட்டங்களுக்கும் பதிவுச் சட்டங்களுக்கும் மற்றவற்றைவிட அதிக இடம் தருகிறோம்.

படிவத்தால் ஒரு துறையையே மூடிவிட முடியுமா?

முடியும் என்பதற்கு எத்தியோப்பியா சான்று. அங்கே 2005ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சிகள் எதிர்பாராத அளவுக்கு இடங்களைப் பிடித்தன; முடிவுகள் குறித்த சர்ச்சை தெருவுக்கு வந்து உயிர்ப்பலியில் முடிந்தது. வாக்காளர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டியவர்களும் தேர்தலைக் கண்காணித்தவர்களும் உள்நாட்டு அமைப்புகள் என்பதை ஆட்சியாளர்கள் மறக்கவில்லை. 2009இல் அறக்கொடை நிறுவனங்கள், சங்கங்கள் பற்றிய 621ஆம் எண் பிரகடனம் வந்தது; அங்கே சட்டத்துக்கே பிரகடனம் என்று பெயர்.

அதன் மையத்தில் ஒரே ஓர் எண் இருந்தது. வருவாயில் 10 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் எந்த அமைப்பும் மனித உரிமை, பாலினச் சமத்துவம், குழந்தைகள் உரிமை, மாற்றுத்திறனாளிகள் உரிமை, பிணக்குத் தீர்வு, நீதித்துறைச் சீர்திருத்தம் ஆகிய பணிகளைச் செய்யக் கூடாது. அந்நிய நிதியை வாங்குவது குற்றமில்லை. வாங்கினால் கிணறு வெட்டலாம், தடுப்பூசி போடலாம், பள்ளிக்கூடம் கட்டலாம். கிணறு வெட்ட ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று கேட்பதுதான் கூடாது. உரிமைப் பணிக்கு நன்கொடை தரும் வழக்கமோ வசதியோ பெரிதாக இல்லாத நாட்டில் 90 விழுக்காட்டை உள்நாட்டிலேயே திரட்டு என்பதன் பொருள் எல்லோருக்கும் புரிந்தது.

பின்னர் வந்த இன்னொரு விதி, நிர்வாகச் செலவு மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சி, பயணம் போன்றவையும் நிர்வாகச் செலவு என்று எழுதப்பட்டபோது கணக்கு வேறாயிற்று. நெல் மூட்டை வழங்கும் அமைப்புக்கு மூட்டைதான் செலவு. கிராமம் கிராமமாகப் போய்ச் சட்டம் சொல்லித்தரும் அமைப்புக்குப் பேருந்துக் கட்டணமும் பயிற்றுநர் ஊதியமுமே பணி. அவற்றை நிர்வாகம் என்று பெயர் மாற்றினால் அந்தப் பணியே விதிமீறலாகிவிடும்.

எத்தியோப்பிய மனித உரிமை மன்றத்தின் வங்கிக் கணக்குகள் 2009 டிசம்பரில் முடக்கப்பட்டன. பன்னிரண்டு அலுவலகங்கள் வைத்திருந்த அந்த மன்றம் ஒன்பதை மூடியது. பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி தந்துவந்த எத்தியோப்பியப் பெண் வழக்கறிஞர் சங்கத்தின் கணக்கும் அதே நேரத்தில் முடங்கியது. ஊழியர்களில் பெரும்பாலோரை அது அனுப்பிவிட நேர்ந்தது. பல அமைப்புகள் தங்கள் நோக்க அறிக்கையிலிருந்து "உரிமை" என்ற சொல்லை எடுத்துவிட்டு "வளர்ச்சி" என்று எழுதிப் பதிவு பெற்றன. யாரையும் சுடாமல், பெரும்பாலும் யாரையும் சிறையிலிடாமல், ஒரு நாட்டின் உரிமைத் துறை ஓரிரு ஆண்டுகளில் காலியாயிற்று.

அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறதா?

இல்லை. அபிய் அகமது பிரதமரான பின் 2019இல் அது நீக்கப்பட்டு, 1113ஆம் எண் பிரகடனம் அதன் இடத்தில் வந்தது. 10 விழுக்காட்டு வரம்பும் போயிற்று. ஆனால் பத்தாண்டுகளில் கலைந்துபோன ஊழியர்களையும் தொடர்புகளையும் மக்களிடம் பெற்றிருந்த பழக்கத்தையும் எந்த அரசிதழ் அறிவிப்பும் திருப்பித் தருவதில்லை. 2024இன் கடைசி மாதங்களில் அந்த மனித உரிமை மன்றம் உள்ளிட்ட சில அமைப்புகள் மீண்டும் இடைநிறுத்தப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டம் மாறினாலும் சட்டத்தைக் கையாளும் அலுவலகத்தின் மனம் மாற நாளாகும்.

ரஷ்யாவின் "வெளிநாட்டு முகவர்" சட்டம் எந்த வகையில் வேறானது?

எத்தியோப்பியச் சட்டம் பணியைத் தடுத்தது. ரஷ்யச் சட்டம் பெயரைக் கெடுத்தது. 2012இல் நிறைவேறிய அச்சட்டத்தின்படி, வெளிநாட்டு நிதி பெற்று "அரசியல் நடவடிக்கையில்" ஈடுபடும் அமைப்புகள் வெளிநாட்டு முகவர்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சோவியத் காலத்தைக் கண்ட காதுகளுக்கு அந்தச் சொல் ஒற்றன் என்றே ஒலிக்கும். ஏறத்தாழ யாரும் தாமாகப் பதிய முன்வராததால், 2014இல் நீதி அமைச்சகமே நேரடியாகப் பெயர்களைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று திருத்தம் வந்தது. பட்டியலில் உள்ளவர்கள் தாம் வெளியிடும் எல்லாவற்றிலும், இது வெளிநாட்டு முகவர் வெளியிட்டது என்ற அறிவிப்பை ஒட்ட வேண்டும். கருத்தரங்க அழைப்பிதழிலும் அது இருக்க வேண்டும், இணையதளத்திலும் இருக்க வேண்டும்.

ஸ்டாலின் கால ஒடுக்குமுறையில் மாண்டவர்களின் பெயர்களைத் திரட்டி ஆவணப்படுத்திவந்த மெமோரியல் அமைப்பை 2021 டிசம்பர் 28 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் கலைத்தபோது, வழக்கில் முன்வைக்கப்பட்ட முதன்மையான குற்றச்சாட்டு இந்த ஒட்டுச்சீட்டு சில வெளியீடுகளில் விடுபட்டிருந்தது என்பதே. மறு ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசை, பெலாரசின் அலெஸ் பியாலியாட்ஸ்கியுடனும் உக்ரைனின் குடிமை உரிமைகள் மையத்துடனும் மெமோரியல் பகிர்ந்துகொண்டது. 2022 ஜூனில், 73 ரஷ்ய அமைப்புகள் தொடுத்த வழக்கில், இச்சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையை மீறுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள், அந்த நீதிமன்றம் சார்ந்திருக்கும் ஐரோப்பிய மன்றத்திலிருந்து ரஷ்யா வெளியேற்றப்பட்டிருந்தது. அதே ஆண்டில் சட்டம் மேலும் விரிவாக்கப்பட்டது: இப்போது பணம் வாங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, "வெளிநாட்டுச் செல்வாக்கின் கீழ்" இருந்தால் போதும்.

அமெரிக்காவில் இதே சட்டம் 1938 முதல் இருக்கிறதே?

இந்தக் கேள்வியை மாஸ்கோவிலும் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியிலும் ஆட்சியாளர்கள் கேட்டார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். அமெரிக்காவின் வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம் நாஜிப் பிரசாரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதன்படி ஒருவர் முகவராக, ஒரு வெளிநாட்டுத் தரப்பின் கட்டளையின்படியோ கட்டுப்பாட்டிலோ வேண்டுகோளின்படியோ அவர் செயல்பட்டிருக்க வேண்டும். நன்கொடை பெற்றார் என்பது மட்டும் போதாது. ரஷ்யச் சட்டத்துக்கோ நன்கொடையே போதுமான சான்று. அரிசி வாங்கியதால் கடைக்காரரின் ஆளாகிவிட்டீர்கள் என்பது போன்ற வாதம் அது. என்றாலும், அமெரிக்கச் சட்டத்தின் சொற்களும் தாராளமாக விரிந்தவை என்றும், நோக்கம் கெட்ட ஓர் அரசின் கையில் அவையும் ஆயுதமாகலாம் என்றும் அந்நாட்டு வழக்கறிஞர்களே எச்சரித்துவருவதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஐரோப்பாவில் இது எடுபடுமா?

ஹங்கேரி முயன்றது. ஆண்டுக்கு 72 இலட்சம் ஃபோரின்டுக்கு மேல் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் அதைப் பதிவு செய்து, தம் வெளியீடுகளிலும் குறிப்பிட வேண்டும் என்று 2017இல் சட்டம் இயற்றியது. 2020 ஜூன் 18 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2021இல் ஹங்கேரி அதை நீக்கியது. 2023 டிசம்பரில் "இறையாண்மைப் பாதுகாப்பு" என்ற புதிய பெயரில் வேறொரு சட்டம் வந்து, அதற்கென ஓர் அலுவலகமும் அமைந்தது.

ஜார்ஜியாவில் 2023 மார்ச்சில் மக்கள் தெருவுக்கு வந்ததால் இத்தகைய மசோதா திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அது திரும்பிவந்தது. வருவாயில் 20 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறுவோர் "அந்நிய சக்தியின் நலன்களை முன்னெடுப்பவர்" என்று பதிய வேண்டும் என்றது. குடியரசுத் தலைவர் சலோமே சுராபிஷ்விலி அதைத் தடுத்து நிறுத்த, 2024 மே 28 அன்று நாடாளுமன்றம் அவருடைய தடையை மீறி நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் வெளிநாட்டு நல்கை பெற அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்ற விதியும் வந்து சேர்ந்தது. ஒரு முறை தடுத்துவிட்டோம் என்று மகிழ்ந்து கலைபவர்களுக்கு ஜார்ஜியாவைக் காட்டலாம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியாவில் எல்லோரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்லும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில் வந்தது. அரசியல் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் அந்நியப் பணம் வந்துவிடக் கூடாது என்பதே அன்று சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். 2010இல் புதிய சட்டம் அதன் இடத்தில் வந்து, பதிவு ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்றாக்கியது. பின்னர் ஒரு விசித்திரம் நடந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் இந்தியத் துணை நிறுவனங்களிடமிருந்து கட்சிகள் பெற்ற நன்கொடை குற்றமாகாதபடி 2016, 2018 நிதிச் சட்டங்கள் பொருள்வரையறையை மாற்றின. 2018இன் திருத்தம் 1976 வரைக்கும் பின்னோக்கிச் செல்லும்படி எழுதப்பட்டது. கட்சிகளுக்காகப் பின்னிய வலையில் கட்சிகளுக்கு மட்டும் ஓட்டை போடப்பட்டு, தொண்டு நிறுவனங்களுக்கு அது இறுக்கப்பட்டது.

இறுக்கம் 2020 செப்டம்பரில், பெருந்தொற்றின் நடுவே வந்தது. ஒரு வாரத்துக்குள் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது. தென்கோடி மாவட்டத்தில் முப்பது பணியாளர்களோடு இயங்கும் ஓர் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். அதற்கு வரும் வெளிநாட்டு நன்கொடை இனி புது தில்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில்தான் வந்து விழ வேண்டும்; கணக்குத் தொடங்க நேரில் போக வேண்டியதில்லை என்றாலும், ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினால் விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பது அந்த அலுவலகத்தின் ஒரே கணக்காளர்தான். நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்தது. நிர்வாகிகள் மாறினால் அதற்கொரு படிவம். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31க்குள், ஆடிட்டரின் சான்றோடு ஆண்டுக் கணக்கைக் காட்டும் எஃப்.சி.-4 படிவம் போக வேண்டும். போகாவிட்டால் அபராதம் உண்டு, தொடர்ந்து தவறினால் பதிவே போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது என்ற தடை. அதற்கு முன் நகரத்துப் பெரிய நிறுவனம் ஒன்று நல்கை பெற்று, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரியாத, ஆனால் மலைக்கிராமத்தில் வேரூன்றிய பத்துச் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. அந்த வாய்க்கால் ஒரே திருத்தத்தில் அடைபட்டது.

2012 முதல் 20,000க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவுகள் ரத்தாகியுள்ளன. இவற்றில் பல, கணக்குத் தாக்கல் செய்யாமல் தூங்கிப்போனவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2012 பிப்ரவரியில், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டத்தின் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஒரு நேர்காணலில் சொன்னதும், இடிந்தகரையில் போராடியவர்களுக்கு அந்நியப் பணம் வருவதாக நாடெங்கும் பேசப்பட்டதும் நினைவிருப்பவர்களுக்கு, இந்தச் சட்டத்தின் பயன்பாடு ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும். ஆயிரக்கணக்கான மீனவர்கள் தம் ஒரு நாள் வருமானத்தில் ஒரு பங்கைப் போட்டு நடத்திய போராட்டம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

இரண்டு விதமாகச் சொன்னது. பந்த், மறியல் போன்ற போராட்ட வழிகளைக் கைக்கொள்ளும் அமைப்பை "அரசியல் தன்மை" கொண்டது என்று முத்திரை குத்தி நிதியைத் தடுக்க விதிகளில் இடமிருந்தது. கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் மக்கள் பிரச்சினைக்காகப் போராடும் அமைப்பை அப்படித் தண்டிக்கக் கூடாது என்று 2020 மார்ச்சில் நீதிமன்றம் அந்த விதியைச் சுருக்கிப் பொருள்கொண்டது. 2022 ஏப்ரல் 8 அன்றோ, வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை அன்று என்று கூறி 2020 திருத்தங்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. நிர்வாகிகள் ஆதார் எண்ணுக்குப் பதிலாக இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டலாம் என்ற ஒரு தளர்வு மட்டும் கிடைத்தது.

இலங்கையில்?

தன்னார்வ அமைப்புகளைப் பதிவு செய்து மேற்பார்வையிட 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2010இல் அரசு சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுசெல்லப்பட்டது; மரம் நடும் சங்கமும் படையினரின் அமைச்சுக்கே பதில் சொல்ல வேண்டும் என்ற செய்தி வடக்கு, கிழக்கில் எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. பின்னர் அது வேறு அமைச்சுகளுக்கு மாறியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நடத்திவரும் தொடர் போராட்டம் எந்தச் சட்டத்தின் கீழும் பதியப்பட்ட அமைப்பின் செயலன்று என்பதையும் கவனிக்க வேண்டும். பதிவில்லாதவர்களுக்கும் கூடும் உரிமை உண்டு. பன்னாட்டுச் சட்டத்தில் பதிவு அதற்கு முன்நிபந்தனை கிடையாது.

பயங்கரவாதிகளுக்குப் பணம் போவதைத் தடுக்க வேண்டாமா?

வேண்டும். ஆனால் கருவி பொருத்தமானதா என்று பார்க்க வேண்டும். எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2001 அக்டோபரில், செப்டம்பர் தாக்குதலின் சூட்டோடு, இலாப நோக்கற்ற அமைப்புகள் பயங்கரவாத நிதிக்கு "குறிப்பாக எளிதில் ஆளாகக்கூடியவை" என்று எழுதிவைத்தது. இன்று அதன் எட்டாவது பரிந்துரையாக நிற்பது அதுவே. அந்த ஒரு சொற்றொடரைக் காட்டி உலகெங்கும் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் முளைத்தன. வங்கிகளும் தலைவலி எதற்கு என்று சிறு அமைப்புகளுக்குக் கணக்கு மறுத்தன. அமைப்புகள் கூட்டாகப் பல ஆண்டுகள் வாதாடியதன் விளைவாக 2016இல் அந்தச் சொற்றொடர் நீக்கப்பட்டது. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் அளவான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2023 திருத்தம் இன்னும் தெளிவாகச் சொன்னது. உங்கள் நாட்டு அதிகாரி எட்டாவது பரிந்துரையை மேற்கோள் காட்டினால், எந்த ஆண்டின் வாசகம் என்று கேளுங்கள்.

தொண்டு நிறுவனங்களில் மோசடியே இல்லை என்கிறீர்களா?

இருக்கிறது. குடும்பத்தையே அறங்காவலர் குழுவாக்கி, வாகனத்தையும் வீட்டையும் நிறுவனத்தின் பெயரில் வாங்குபவர்களை எல்லா ஊரிலும் காணலாம். மோசடிக்கு ஏமாற்றுதல், நம்பிக்கை மீறல் வழக்கு உண்டு, வருமான வரிச் சட்டம் உண்டு. ஒரு மருந்துக் கடை போலி மருந்து விற்றால் அந்தக் கடையைத்தான் மூடுகிறோம்.

வெளிநாட்டுப் பணத்தை விட்டுவிட்டு நம் மக்களிடமே திரட்டக் கூடாதா?

திரட்ட வேண்டும் என்பதே எங்கள் கருத்தும். உள்ளூர் உண்டியலில் விழும் பத்து ரூபாய், தொலைதூர நல்கையின் பத்தாயிரத்தைவிட ஓர் அமைப்புக்கு அதிகத் தைரியம் தரும். ஆனால் நம் மக்கள் அன்னதானத்துக்கும் கல்விக்கும் கோயில் திருப்பணிக்கும் மருத்துவ உதவிக்கும் மனமுவந்து தருவார்கள். காவல் நிலையச் சித்திரவதை வழக்கு நடத்தவோ, சாதி ஆணவக் கொலையின் சாட்சிக்குப் பாதுகாப்புத் தரவோ கேட்டுப் பாருங்கள். தர விரும்பும் வணிகரும் ரசீதில் தன் பெயர் வர வேண்டாம் என்பார். இந்தத் தயக்கம் தீர நாளாகும். அதுவரை வெளியிலிருந்து வரும் உதவியைக் குற்றமாக்குவது, மழை வரும் என்று சொல்லிக் கிணற்றைத் தூர்ப்பதற்கு ஒப்பாகும்.

இத்தகைய சட்டத்தைத் தடுத்து நிறுத்தியவர்கள் உண்டா?

கென்யாவைச் சொல்லலாம். 2013 ஜனவரியில், அமைப்புகளே முன்னின்று வரைந்த பொதுநல அமைப்புகள் சட்டத்தில் குடியரசுத் தலைவர் முவாய் கிபாகி கையெழுத்திட்டார். அடுத்து வந்த அரசின் தலைவர்கள் மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்குக் குடிமைச் சமூகமே காரணம் என்ற கோபமும் இருந்தது. அந்த ஆண்டின் இறுதியில், வெளிநாட்டு நிதியை வருவாயின் 15 விழுக்காட்டோடு நிறுத்தும் திருத்தத்தை அரசு கொண்டுவந்தது. ஏறத்தாழ எத்தியோப்பியாவின் நகல்.

உரிமை அமைப்புகள் தனித்து நின்றிருந்தால் தோற்றிருப்பார்கள். அவர்கள் மருத்துவமனை நடத்துவோரையும் தண்ணீர்த் திட்டங்கள் நடத்துவோரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார்கள். கருத்துரிமை என்ற சொல்லைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, எத்தனை பேர் வேலை இழப்பார்கள், எந்த மருத்துவச் சேவைகள் நிற்கும் என்ற கணக்கை உறுப்பினர்களிடம் வைத்தார்கள். 2013 டிசம்பரில் நாடாளுமன்றம் திருத்தத்தை நிராகரித்தது. ஆனால் அரசு வேறு வழியைக் கண்டது: சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருந்தது. 2016இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் அசையவில்லை. 2024 மே 14 அன்றுதான், கையெழுத்தாகிப் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பின்வாங்காமல் ஒவ்வோர் ஆண்டும் வழக்காடுமன்றப் படியேறிக்கொண்டிருந்தவர்களுக்கு எந்த விருதும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

வெளியிலிருந்து உதவுவோர் எதைச் செய்தால் பயன்?

முதலில் ஒரு கசப்பு. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. மார்ச்சில், 1961இல் தொடங்கிய யு.எஸ்.எய்ட் அமைப்பின் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்தாகின்றன என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். ஜூலை 1 அன்று அந்த அமைப்பின் உதவிப் பணி நின்றது. ஒடுக்கும் அரசுகள் பத்தாண்டுகள் சட்டமியற்றிச் செய்ததைக் கொடையாளர் ஒருவர் சில வாரங்களில் செய்து முடித்தார். ஒரே கிணற்றை நம்பியிருந்த அமைப்புகள் அதனால் உடனே வறண்டன.

கொடையாளர்கள் செய்யக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது, திட்டத்துக்கு மட்டும் தராமல் அமைப்பின் அடிப்படைச் செலவுக்கும் பல ஆண்டுகளுக்குத் தருவது. பயிற்சி முகாமின் பதாகைக்கும் மதிய உணவுக்கும் நல்கை தருபவர்கள், ஆடிட்டர் கட்டணத்துக்குத் தர மறுக்கிறார்கள். அமைப்பு விழுவதோ ஆடிட்டர் அறிக்கை தாமதமானதால். ஆபத்தில் இருப்பவர்களுக்கு உடனடி உதவியும் தேவைப்படும். 2001 முதல் டப்ளினிலிருந்து இயங்கும் ஃபிரன்ட் லைன் டிஃபென்டர்ஸ் போன்றவை தனிமனிதர்களுக்கும், 2011இல் தொடங்கிய லைஃப்லைன் நிதியம் அமைப்புகளுக்கும் வழக்குச் செலவு, இடமாற்றம், மருத்துவம் போன்றவற்றுக்கு உதவுகின்றன. கூடும் உரிமைக்கும் சங்கம் அமைக்கும் உரிமைக்கும் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். 2010இல் உருவான அப்பொறுப்பை முதலில் வகித்தவர் கென்யாவின் மைனா கியாய். பாதிக்கப்பட்டவர்கள் அப்பொறுப்பில் இருப்பவருக்கு நேரடியாக எழுதலாம்; அவர் அரசிடம் விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதமும் அரசின் பதிலும் பின்னர் வெளியிடப்படும். அதனால் உடனே விடுதலை கிடைக்காது. ஆனால் உள்நாட்டு நீதிமன்றத்தில் இணைக்க ஓர் ஆவணம் கிடைக்கும்.

ஜனநாயக நாடுகளில் இந்தப் பிரச்சினை இல்லை அல்லவா?

சிவிகஸ் என்ற உலகக் கூட்டமைப்பு நாடுகளை திறந்தவை, குறுகியவை, தடைபட்டவை, ஒடுக்கப்பட்டவை, மூடியவை என்று ஐந்தாகப் பிரிக்கிறது. 2019இல் இந்தியாவும் 2023இல் இலங்கையும் நான்காவது வகைக்கு இறக்கப்பட்டன. அதே 2023இல் ஜெர்மனி முதல் வகையிலிருந்து இரண்டாவதற்கு இறங்கியது. பருவநிலைப் போராட்டக்காரர்கள் மீதான நடவடிக்கைகள் அதற்கு ஒரு காரணம். இந்தத் தரவரிசைகளில் குறை காணலாம். போக்கை அறிய அவை உதவும்.

ஒரு சிறு அமைப்பு தன்னைக் காத்துக்கொள்ள எங்கே தொடங்குவது?

தீர்மானப் புத்தகத்தில். கூட்டம் நடந்த அன்றே வருகைக் கையெழுத்தும் தீர்மானமும் எழுதப்பட வேண்டும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து பழைய தேதி போடும் பழக்கம்தான் பல அமைப்புகளை விசாரணை அதிகாரியின் முன் பேச்சற்று நிற்கவைத்திருக்கிறது. பதிவுப் புதுப்பிப்பு எந்த நாளில் முடிகிறது என்பது ஒருவருக்கு மேல் தெரிந்திருக்க வேண்டும். கணக்காளரும் வழக்கறிஞரும் பிரச்சினை வந்த பிறகு தேடப்படுபவர்களாக இருக்கக் கூடாது. பக்கத்து ஊர் அமைப்பின் மீது வழக்கு வந்தால் நமக்கென்ன என்று இருந்துவிடாமல், அந்த வழக்கின் தாள்களை வாங்கிப் படித்துவைப்பது நல்லது. அடுத்த கடிதம் பெரும்பாலும் அதே வாசகத்தில்தான் வரும்.

அமைப்பு மூடப்பட்டால் அதன் ஆவணங்கள் என்னவாகும்?

இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, கேட்க வேண்டும். நிகரகுவாவில் 2018க்குப் பின் 5,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் கலைக்கப்பட்டுள்ளன. 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் 1,500. அன்னை தெரசா நிறுவிய சபையின் கன்னியரும் 2022இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களே. கலைக்கப்பட்டவற்றின் சொத்துகளை அரசு எடுத்துக்கொள்கிறது. இந்தியாவிலும் பதிவு ரத்தானால் வெளிநாட்டு நிதியில் உருவான சொத்துகள் அரசு குறிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். மேசை நாற்காலி போனால் போகட்டும். அலமாரியில் இருப்பது கணவனிடம் அடிபட்ட பெண்ணின் வாக்குமூலமாகவோ, காவலில் இறந்தவரின் தாய் கொடுத்த ஒரே புகைப்படமாகவோ இருக்கலாம். எவை யாரிடம் திரும்பக் கொடுக்கப்பட வேண்டும், எவற்றின் நகல் வேறோர் ஊரில் இருக்க வேண்டும், எவை நகலே எடுக்கப்படக் கூடாது என்பதை அமைப்பு நன்றாக இயங்கும்போதே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்.

மெமோரியல் கலைக்கப்படுவதற்கு முன்பே, ஒடுக்குமுறைக்கு ஆளான 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் திரட்டி இணையத்தில் எவரும் தேடும்படி வைத்திருந்தது. 2007 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29 அன்று மாஸ்கோவின் சோலோவெட்ஸ்கி கல்லருகே மக்கள் வரிசையில் நின்று, ஆளுக்குச் சில பெயர்களாக உரக்க வாசித்தார்கள்: பெயர், வயது, தொழில், சுடப்பட்ட நாள். இப்போது அங்கே வாசிக்க அனுமதி இல்லை. பிற நாடுகளின் நகரங்களில் அதே பட்டியலிலிருந்து வாசிக்கிறார்கள்.